பூட்டிய வீட்டுச் சம்பளம்

மூலையக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது அவள் வேலை செய்யும் விதத்தால். மற்றவர்கள் ஒரு அறைக்குள் நுழைந்தால் நட்ட நடுவில் துடைப்பத்தைப் போட்டு, கண்ணுக்குத் தெரிகிற குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டு வருவார்கள். இவள் நுழைந்ததும் நேரே மூலைக்குப் போவாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத்துணியின் ஒரு முனையை விரலில் சுற்றி, இரண்டு சுவரும் தரையும் சேருகிற அந்த இடுக்கைத் துடைத்தெடுப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். மூலை சுத்தமாக இருந்தால் நடுவைப் பற்றி எவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவள் கட்சி.

மனிதர்களிடமும் அவள் அப்படித்தான். பெரிய சண்டைகளை மறந்துவிடுவாள். யாரோ எப்போதோ போகிற போக்கில் மூலையில் போட்டுவிட்டுப் போன ஒரு சின்னச் சொல்லை மட்டும் விடவே மாட்டாள். கூடப்பிறந்த அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோனபோது ஊரையெல்லாம் அழைத்துவிட்டுக் கடைசியாகத்தான் இவளுக்குச் சொன்னான். இவளும் கடைசியாகத்தான் போனாள். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பி, அண்ணி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அப்பாடா என்று காலை நீட்டிய பிறகு போய் நின்று, "பசிக்குது அண்ணி" என்றாள். புதிதாக அடுப்பு மூட்டிச் சமைக்க வைத்து, நிதானமாகச் சாப்பிட்டு, மறுசோறும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

குடைக்கடைக்காரர் கதை இதைவிடப் பெரிது. அவர் விற்ற குடை முதல் மழையிலேயே கம்பி முறிந்தது. மாற்றித் தரமாட்டேன் என்றார். இவள் சண்டை போடவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் போய், முறிந்த குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், "மழைக்கு ஒதுங்கினேன்" என்பாள். குடை வாங்க வருகிறவர்கள் அவள் தலைக்கு மேல் தொங்குகிற கம்பியைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். கடைசியில் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு புதுக் குடையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் ஒரு மழைக்கு, போனால் போகட்டும் என்று விடாமல், பழைய குடையோடு போய் நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

இப்படிப்பட்டவளிடம் வம்பு வைத்துக்கொள்ளலாமா என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பல் டாக்டரம்மா யாரையும் கேட்கவில்லை.

அந்தப் பகுதியில் வரிசையாக அடுக்குமாடிக் கட்டடங்கள். வீட்டுவேலைக்கு வருகிற பெண்கள் காலையில் கூடுகிற இடம் ஒரு மோட்டார் ரூம். தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடுகிற சத்தத்தில் எவளைப் பற்றி எவள் என்ன பேசினாலும் வெளியே கேட்காது. அங்கேதான் பைகளை வைப்பார்கள், செருப்பை மாற்றுவார்கள், எந்த வீட்டில் என்ன புதுக் கூத்து என்று பேசிக்கொள்வார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போகிற வீட்டில் கொடுக்கும் துணியை வாங்க மாட்டார்கள். ஒவ்வொருத்தியும் துடைக்கும் துணியைத் தன் வீட்டிலிருந்து கொண்டுபோவாள். வேலை முடிந்ததும் அலசி, அந்த வீட்டின் பின்பக்கக் குழாய்மேல் போட்டுவிட்டு வருவாள். பின்படிக்கட்டில் ஏறி இறங்குகிற எல்லோருக்கும் அது தெரியும். துணி தொங்குகிறவரை அந்த வீடு அவளுடையது. கணக்குத் தீர்ந்து வேலையை விடுகிறவள் துணியை எடுத்துக்கொண்டு போவாள். தீராமல் போகிறவள் அப்படியே விட்டுவிட்டுப் போவாள். துணி தொங்குகிற வீட்டில் வேறொருத்தி கால் வைக்க மாட்டாள். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, வீட்டுக்காரர்களிடம் சொன்னதும் இல்லை.

பல் டாக்டருக்குக் கீழ்த்தளத்தில் கிளினிக், அதற்கு மேலேயே வீடு. வீட்டுத் தரை முழுக்க வெள்ளை. ஒரு முடி விழுந்தாலும் எடுத்துக் காட்டுகிற தரை. டாக்டரின் மனைவி பல்லைப் பிடுங்கியதில்லை. கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து ஃபோன் எடுப்பாள், பணம் வாங்கிப் போடுவாள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மாதான். கெட்டவள் என்று சொல்ல முடியாது. தான் குடிக்கிற அதே கோப்பையில்தான் மூலையக்காவுக்கும் டீ கொடுப்பாள். அடுப்பங்கரையில் நின்றபடி குடிக்காதே, உட்கார்ந்து குடி என்பாள். மூலையக்கா அந்த வீட்டைத் தன் வீட்டைவிட நன்றாக வைத்திருந்தாள் என்பதும் உண்மை.

அந்த வருடம் மழை தொடங்கும்போது டாக்டரம்மாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. வெளியூரில். டாக்டர் கிளினிக்கை ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு மனைவியோடு கிளம்பினார்.

"வீட்டப் பூட்டிட்டுப் போறோம்மா. மழை முடியறப்ப வந்துடுவோம். நீ வேற எங்கயும் போயிடாத. இந்த நேரத்த எங்களுக்குன்னு வெச்சிரு" என்று டாக்டரம்மா சொன்னாள்.

"வெச்சிருக்கேம்மா" என்றாள் மூலையக்கா.

வைத்திருந்தாள். அந்தக் காலை நேரத்துக்கு வக்கீல் வீட்டில் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லிப் போகவில்லை. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. மகன் வேலை பார்க்கும் டயர்க் கடைக்குள் தண்ணீர் புகுந்து, அவனுக்கும் வேலை இல்லை. மருமகள் போய்க்கொண்டிருந்த பிஸ்கட் பேக்கிங் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மூலையக்காவின் காதில் கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. டாக்டர் வீட்டுச் சம்பளம் வந்ததும் மீட்டுவிடலாம் என்று மகனிடம் சொல்லிவைத்தாள்.

மழை விட்டு அவர்கள் திரும்பி வந்தார்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் படிந்த தூசியையெல்லாம் அடித்துத் துடைத்து, பழைய வெள்ளைக்குக் கொண்டுவந்தாள். சம்பள நாளன்று டாக்டரம்மா பணத்தைக் கொடுத்தாள். கையில் வாங்கும்போதே மூலையக்காவுக்கு அது மெலிந்திருப்பது தெரிந்தது.

"என்னம்மா இது?"

"சம்பளம். நாங்க வந்த பிறகு வேலை செஞ்சியே, அதுக்கு."

"நீங்க போயிருந்த நாளுக்கு?"

டாக்டரம்மா நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "அப்பதான் நீ வரவே இல்லையே."

"நான் வராம இல்லம்மா. நீங்க பூட்டிட்டுப் போனீங்க."

"அது சரி. வேலை செஞ்சியா? செய்யல. செய்யாத வேலைக்குக் காசு கேட்டா எப்படிம்மா? உனக்கும் லீவு மாதிரிதானே. நல்லா ரெஸ்ட் எடுத்திருப்ப."

இதைச் சொல்லி முடிக்கும்போது ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசினாள். யாரோ ஒரு நோயாளி, நேரம் வாங்கிவிட்டு வராமல் போனவர். "உங்களுக்குன்னுதாங்க டாக்டர் அந்த நேரத்த ஒதுக்கி வெச்சிருந்தாரு. வேற யாரையும் பாக்கல. நீங்க வரலன்னா அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம்? பாதி ஃபீஸ் கட்டித்தாங்க ஆகணும்" என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அந்தக் குரலில் கொஞ்சம்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. பல்லுக்கு ஒரு நியாயம், தரைக்கு ஒரு நியாயம் என்பது அவள் மனதில் முரணாகவே படவில்லை. இந்த மாதிரி ஆட்களிடம்தான் எனக்கும் கோபம் வருகிறது. தெரிந்தே ஏய்க்கிறவனையாவது ஒரு நாள் திருத்திவிடலாம்.

மூலையக்கா ஃபோன் பேசி முடியும்வரை நின்று கேட்டாள். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, மீதி வேலையை முடித்துவிட்டு வந்தாள். அந்த 'ரெஸ்ட்' மட்டும் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. கம்மல் இல்லாத காதைத் தடவிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

"விட்டுத் தள்ளும்மா. வேற வீடு பாத்துக்கலாம்" என்றான் மகன்.

"விடறதா? நானா?"

அவளுக்கு என்ன செய்வதென்று உடனே தெரியவில்லை. வழி காட்டியது ஒரு காய்ச்சல். கொஞ்ச நாள் கழித்து எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். வரவில்லை என்று மகன் ஃபோன் செய்து சொன்னான். மாதக் கடைசியில் டாக்டரம்மா அதையும் பிடித்துக்கொண்டு கொடுத்தாள். மூலையக்காவுக்கு இந்த முறை ஆத்திரம் வரவில்லை. யோசனை வந்தது. மகனை உட்காரவைத்துக் கேட்டாள்.

"கடையில ஒரு சாமான் இருக்கு. விலை எழுதி ஒட்டியிருக்கான். காசு கொடுத்தா அது நம்மளுது. சரியா?"

"சரி."

"அந்தம்மா என் லீவுக்கு விலை எழுதி ஒட்டிட்டாங்க. ஒரு நாள் வரலன்னா ஒரு நாள் சம்பளம். அவ்வளவுதான். இனிமே எனக்கு எப்ப வேணுமோ அப்ப காசு கொடுத்து வாங்கிக்குவேன்."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். சுவரோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவள் அப்படித்தான். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது என்று மூலையக்கா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

முதல் லீவை நல்ல நாளாகப் பார்த்து வாங்கினாள். டாக்டர் வீட்டில் விருந்தாளிகள் வருவதென்றால் பரணிலிருந்து பூப்போட்ட கண்ணாடிக் கோப்பைகள் இறங்கும். ஒரு நாள் இறங்கின. மூலையக்கா அவற்றைக் கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் போகவில்லை. டாக்டரம்மாவோடு காலையில் நடக்கப் போகிற தோழிகளெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தரையில் முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிந்திய பழச்சாறு ஒட்டிக்கொண்டு செருப்பில்லாத கால்களையெல்லாம் பிடித்து இழுத்தது.

"ஏம்மா இன்னைக்கு வரல? சொல்லவும் இல்ல" என்று ஃபோன் வந்தது.

"வரலைங்க. பிடிச்சுக்குங்க."

"என்னத்த பிடிக்க?"

"சம்பளத்துலங்க."

அடுத்தது, சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் சுரண்டிக் கொட்டிய சுண்ணாம்புப் பொடியோடு வீட்டை விட்டுவிட்டுப் போன நாள். "பிடிச்சுக்குங்க." அதற்கடுத்தது, குளியலறைக் குழாய் உடைந்து ஹால்வரை தண்ணீர் ஓடிய நாள். வாட்ச்மேன் வந்து செய்தி சொன்னதும், மோட்டார் ரூமில் பையைத் தூக்கிக்கொண்டிருந்தவள் திரும்பவும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "பிடிச்சுக்குங்க." அவள் சம்பளம் தேய்ந்துகொண்டே வந்தது. முகம் தெளிந்துகொண்டே வந்தது. கையைவிட்டுப் போகிற காசு ஒவ்வொன்றும் அவளுக்கு இனித்தது.

டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. விருந்தாளி வருவதை மறைக்க ஆரம்பித்தாள். கோப்பைகளை மூலையக்கா கிளம்பிப் போன பிறகுதான் பரணிலிருந்து இறக்குவாள். தன் வீட்டு விருந்தைத் தன் வீட்டு வேலைக்காரிக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக நடத்த வேண்டிய நிலை வந்தது. அப்போதும் சோபாவுக்குப் புது உறை போட்டதைப் பார்த்து மூலையக்கா மோப்பம் பிடித்து, விருந்து நாளை லீவாக வாங்கிவிட்டாள். மறுநாள் வேலை முடித்து அவள் கிளம்பும்போது டாக்டரம்மாவுக்குப் பொறுமை போயிற்று.

"நீ இனிமே வர வேண்டாம். நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"சரிம்மா" என்று சொல்லி மூலையக்கா குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். துணியை எடுக்கவில்லை. மகனுடைய பழைய கட்டம் போட்ட சட்டையிலிருந்து கிழித்த துணி அது. பின்குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது.

டாக்டரம்மா வேறு ஆள் பார்த்தாள். மாடிவீட்டில் வேலை செய்கிறவளைக் கேட்டாள். நேரமில்லை என்றாள். எதிர்க் கட்டடத்தில் கேட்டாள். இடுப்பு வலி என்றார்கள். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். வந்து பார்ப்பதாகச் சொன்ன இரண்டொருத்தி பின்படிக்கட்டில் பாதி ஏறி, குழாயைப் பார்த்துவிட்டு, அப்படியே இறங்கிப் போனார்கள். ஏன் போகிறார்கள் என்று அவளுக்குப் புரியவே இல்லை. அந்தத் துணி அவள் கண்ணில் படாமலும் இல்லை. புதிதாக யாராவது வந்தால் தரை துடைக்க ஆகுமே என்று அதைக் காற்றில் பறந்துவிடாமல் கிளிப் வேறு மாட்டி வைத்தாள்.

இது தெரிந்த அன்று மோட்டார் ரூமில் சிரித்த சிரிப்பில் மோட்டார் சத்தமே அமுங்கிப் போயிற்று.

மூலையக்கா தினமும் சுற்று வழியாக இருந்தாலும் அந்தப் பின்படிக்கட்டு வழியாகவே போனாள். சமையலறை ஜன்னல் வழியே டாக்டரம்மா தானே துடைப்பது தெரியும். நடுவிலிருந்து ஆரம்பித்துத் தான் துடைத்த ஈரத்தில் தானே மிதித்து, காலடித் தடத்தைத் துடைக்கத் திரும்பி, அதற்குள் இன்னொரு தடம் பதித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பார்த்துவிட்டு மூலையக்கா அடுத்த வீட்டுக்குப் போவாள். அன்று முழுக்க வேலை அலுப்பே தெரியாது.

இந்தச் சமயத்தில் மருமகளுக்கு வேலை கிடைத்தது. ஏதோ ஆபீஸில் பெருக்கித் துடைக்கும் வேலை என்றாள். மருந்துக் கடைக்காரர் சொல்லிவிட்டாராம். மூலையக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. பிஸ்கட் பேக்கிங் போய்விட்டதே என்று அழாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டாள்.

உண்மையைப் போட்டு உடைத்தவள், ரேடியோ என்று பெயர் வாங்கிய வேலைக்காரி. எந்தச் செய்தியையும் அவள் வயிற்றில் வைத்திருந்ததில்லை.

"அக்கா, வருத்தப்படாதீங்க. டாக்டர் வீட்டுக்கு ஆள் வந்தாச்சு."

"எவ அவ? துணி தொங்கறது கண்ணு தெரியலையா அவளுக்கு?"

ரேடியோ முதல்முறையாகத் தயங்கினாள். "உங்க மருமகதாங்க்கா."

மோட்டார் ரூமில் ஒருத்தி செருப்பு மாட்டுவதை நிறுத்தினாள். வழக்கத்தைக் கட்டிக் காத்த மூலையக்காவின் சொந்த வீட்டிலிருந்தே ஒருத்தி போய் அதை மிதித்துவிட்டாள். மூலையக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று எந்த வீட்டிலும் மூலை துடைக்காமலே வந்தாள்.

வீட்டில் மருமகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எந்த ஆபீஸ்ல வேலை பாக்கற நீ?"

மருமகள் கையை நிறுத்தவில்லை. "ஆபீஸ் இல்ல அத்தை. பல் டாக்டர் வீடு."

"பின்னாடி துணி தொங்கறத பாக்கல?"

"பாத்தேன். அவரோட கட்டம் போட்ட சட்டை. முதல் நாளே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா உள்ள போன?"

"அதத் தொடல அத்தை. அந்தம்மாவோட மாப்பாலதான் தொடைக்கறேன்."

"தொடலயாம். பெரிய புண்ணியம். எவ்வளவு தர்றா?"

"உங்களுக்குத் தந்ததுதான்." தண்ணீரை வடித்துவிட்டு மருமகள் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆனா வராத நாளுக்குப் பிடிக்க மாட்டாங்களாம். அவங்க ஊருக்குப் போனாலும் முழுச் சம்பளமாம். அவங்களே சொன்னாங்க. ஆள் இல்லாம இனி ஒரு நாள்கூட இருக்க முடியாதாம்."

மூலையக்கா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கம்மலை அடகு வைத்தவள் இவள். லீவை விலை கொடுத்து வாங்கியவள் இவள். வேலையை இழந்தவள் இவள். இத்தனைக்கும் பிறகு அந்தம்மா இறங்கி வந்திருக்கிறாள். இறங்கி வந்து, பழைய பாக்கியை வாயாலும் சொல்லாமல், நியாயத்தைத் தூக்கி வேறொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள். வேறொருத்திகூட இல்லை, தன் வீட்டிலேயே தின்று தன் கூரைக்குக் கீழேயே படுக்கிறவள். டாக்டரம்மாமீது வந்த கோபத்தில் பாதி அந்த நிமிடமே மருமகள் பக்கம் திரும்பிக்கொண்டது.

"நாளைக்கு என்ன வேலை அங்க?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க அத்தை. பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு. அந்தச் சம்பந்தியம்மா ரொம்பச் சுத்தமாம். போற இடத்துல எல்லாம் விரலால தடவிப் பாப்பாங்களாம். ரெண்டு நாளா டாக்டரம்மாவுக்குத் தூக்கமே இல்ல."

மூலையக்காவின் கண் ஒளிர்ந்தது. கடவுள் சும்மா இருக்கிறவர் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளைக்கு நீ போகாத."

"அத்தை?"

"வராத நாளுக்கும் காசு உண்டுன்னாங்கல்ல? அந்தக் காசோடயே வீட்ல உக்காரு. அந்தம்மா சொன்ன சொல்லாலேயே அந்தம்மாவ அடிக்கணும். சம்பந்தி விரலை நீட்டிக்கிட்டு வரட்டும்."

மருமகள் உலையில் அரிசியைப் போட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காலையில் மூலையக்கா எழுந்தபோது மருமகளின் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆளைக் காணோம். வாசலில் செருப்பும் இல்லை.

அன்றைக்கு மூலையக்காவின் மனதில் ஓடியதையெல்லாம் எழுதினால் நன்றாக இருக்காது. வேலைக்குப் போன வீடுகளில் வாளியை டமார் என்று வைத்தாள். மோட்டார் ரூமில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மத்தியானம் வீடு திரும்பியதும் மீன் வாங்கிவந்து, மசாலா தடவி, மொறுமொறுவென்று பொரித்தாள். மகனுக்கு வைத்தாள், தனக்கு எடுத்து வைத்தாள். மருமகளுக்கென்று இருந்த துண்டுகளைச் சட்டியோடு மூடி அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

"அவளுக்கு?" என்றான் மகன்.

"அவளுக்கு அங்க சம்பந்தி விருந்து இருக்கும்."

மகன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனான். தனியாக உட்கார்ந்து மூலையக்கா திட்டம் போட்டாள். இனி அவளோடு பேச்சு இல்லை. அவள் துணியைத் துவைப்பதில்லை. அவள் அம்மா வீட்டிலிருந்து யார் வந்தாலும் முகம் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து எதிரே உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த ஒரு கவரை எடுத்து நீட்டினாள். கிளினிக் பெயர் போட்ட கவர்.

"இந்தாங்க அத்தை."

"என்ன அது?"

"உங்க சம்பளம். வீட்டப் பூட்டிட்டுப் போயிருந்தாங்களே, அந்த நாளுக்கெல்லாம்."

மூலையக்கா கவரைத் தொடாமல் பார்த்தாள். மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் நடந்ததைச் சொன்னாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி மூலையக்கா கேட்டதே இல்லை.

நேரத்தோடு போய் மணியை அடித்திருக்கிறாள். டாக்டரம்மா ஓடி வந்து கதவைத் திறந்து, வா வா, சீக்கிரம் வா என்றிருக்கிறாள். இவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"வராத நாளுக்கும் காசு உண்டுன்னு சொன்னீங்கல்ல, அது எங்க அத்தைக்கும் உண்டுதானேங்க?"

"எந்த அத்தை?"

"உங்க வீட்டு மூலையெல்லாம் தொடைச்சாங்களே, அவங்கதான். நான் அவங்க மருமக."

டாக்டரம்மா ஒரு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். பிறகு, உள்ளே வந்து வேலையைப் பார், அதெல்லாம் அப்புறம் பேசலாம் என்றாளாம்.

"இல்லைங்க. அப்படின்னா இன்னைக்கு நான் வராத நாளா வெச்சுக்கறேன். சம்பளம் உண்டுதானே. வீட்டுக்குப் போறேன்" என்று இவள் படியில் ஒரு காலைக் கீழே வைத்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் ஃபோனில் மகள் கூப்பிட்டிருக்கிறாள்: கிளம்பிவிட்டோம், இதோ வந்துவிடுவோம். டாக்டரம்மா இவளைப் பார்த்தாள், வெள்ளைத் தரையைப் பார்த்தாள், இவள் காலைப் பார்த்தாள். செருப்புக்கூடப் போடாமல் கீழே கிளினிக்குக்கு இறங்கி ஓடி, வராத நோயாளிகளிடம் வாங்கிய பணமெல்லாம் கிடக்கும் மேஜை டிராயரைத் திறந்து, எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுத்திருக்கிறாள். கொடுத்த பிறகுதான் இவள் வாசற்படியைத் தாண்டினாள்.

"நீங்க சொன்ன மாதிரி போகாம இருந்திருந்தா என் காசுதான் வந்திருக்கும் அத்தை. உங்க காசு வந்திருக்காது. அவங்களுக்கு அவசரமான நாள் வரட்டும்னுதான் இத்தனை நாளா இருந்தேன்."

மூலையக்கா கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் முழுதாகச் சந்தோஷம் வரவில்லை. பணம் வந்துவிட்டது, பழி எங்கே? அந்தம்மா சம்பந்திக்கு முன்னால் தலை நிமிர்ந்துதானே நின்றிருப்பாள்.

"அப்போ வீட்ட நல்லாத் தொடைச்சுக் கொடுத்துட்டுத்தான் வந்த."

"பளிச்சுனு தொடைச்சேன் அத்தை. நடுவுல முகம் பாக்கலாம்."

"ம்" என்றாள் மூலையக்கா. குரல் இறங்கிப் போயிருந்தது. பிறகு ஏதோ தோன்றி நிமிர்ந்தாள். "மூலை?"

மருமகள் பதில் சொல்வதற்கு முன் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூலைல கை வெக்கல. அது நீங்க தொடைக்கற இடம். ஒண்ணு விடாம அப்படியே வெச்சிருக்கேன். நீங்க நின்னதுல இருந்து சேர்ந்த தூசி, முடி, எல்லாம். நான் படி இறங்கறப்ப சம்பந்தியம்மா விரலை நீட்டிக்கிட்டு ஏறி வந்தாங்க."

மூலையக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தோமே என்று நினைத்தாள். எழுந்துபோய், அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து சட்டியை எடுத்து, மூடியைத் திறந்து மருமகளின் முன் வைத்தாள். அது ஏன் அங்கே இருந்தது என்று மருமகள் கேட்கவில்லை. தன் பங்கிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் போட்டாள் மூலையக்கா.

"இனிமே அங்க போகாத. வக்கீல் வீட்ல இன்னும் ஆள் தேடறாங்க. நாளைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அந்தக் கட்டம் போட்ட சட்டையோட இன்னொரு பக்கம் பெட்டில கிடக்கு. அதக் கிழிச்சு எடுத்துக்க."

"சரி அத்தை." மருமகள் மீனைப் பிய்த்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள். "அந்தத் துணி? கணக்குத் தீந்துடுச்சே. எடுத்துடணும்ல?"

"எடுக்கணும். முறைன்னா முறைதான்."

"எப்ப அத்தை?"

மூலையக்கா கம்மல் இல்லாத காதைத் தடவிக்கொண்டாள். நாளைக்கு இந்நேரம் அது காதில் ஏறிவிடும்.

"வீட்ட எவ்வளவு நாள் பூட்டி வெச்சிருந்தாங்க?"

"ஒரு மழைக்காலம் முழுக்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அவ்வளவு நாள் தொங்கட்டும்" என்றாள் மூலையக்கா. "பாவம், நல்லா உழைச்ச துணி. அதுவும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."